குத்துவரிசைக்கும் களம் வேண்டும்

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் மாலை நேரங்களில், நம் வெறுங்கைச் சண்டைக் கலையான குத்துவரிசை சொல்லிக்கொடுக்கிறேன். செல்போனில் சண்டை பார்த்துவிட்டு வரும் பையன்கள் கேட்பார்கள்: "ஆசானே, முவாய் தாய்க்காரனும் கராத்தேக்காரனும் மோதுனா யாரு ஜெயிப்பா?" எந்த விதிப்படி மோதுகிறார்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் கராத்தே இறுதிப்போட்டியைப் பாருங்கள். 4-1 என்று முன்னிலையில் இருந்த சவூதி வீரர் தாரெக் ஹமேதி, ஈரானின் சஜாத் கஞ்ச்சாதேயைத் தலையில் உதைத்தார். கஞ்ச்சாதே நினைவிழந்து விழுந்தார். தங்கம் விழுந்தவருக்கே போனது. அங்கே அடியை அடக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஹமேதி அந்த விதியை மீறிவிட்டார். அதே உதை பாங்காக்கின் முவாய் தாய் ரிங்கில் விழுந்திருந்தால் வெற்றி அவருக்குத்தான்.

நிற்கிற நிலையைக்கூட விதிதான் தீர்மானிக்கிறது. 1960களில் ஜப்பானில் கராத்தேயும் முவாய் தாயும் கலந்து உருவானது கிக்பாக்சிங். அதன் 'ஃபுல் கான்டாக்ட்' பிரிவில் இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது. ஆகவே பக்கவாட்டில் திரும்பி, முன்காலில் பாரம் போட்டு நிற்கலாம். 'லோ கிக்' பிரிவில் அப்படி நின்றால் தொடையில் நாலு உதை விழுந்ததும் கால் மரத்துப்போகும். முவாய் தாய்க்காரர் முன்காலைப் பாரமில்லாமல் வைத்திருப்பது, வரும் உதையைக் கணைக்கால் எலும்பால் தடுக்கத்தான். மார்செய் துறைமுகக் கப்பலாட்களிடம் வளர்ந்ததாகச் சொல்லப்படும் பிரெஞ்சு சவாத்தில் ஷூ போட்டுக்கொண்டு பாதத்தால்தான் உதைக்க வேண்டும்; முழங்கால் அடிக்கு இடமில்லை.

நம் குத்துவரிசையில் காலடிச் சுவடு உண்டு, பிடி உண்டு, பூட்டு உண்டு. ஆனால் மோதுவதற்கு விதி இல்லாததால், எங்கள் பக்கம் நான் பார்த்தவரை, கோயில் கொடையிலும் பள்ளி ஆண்டுவிழாவிலும் கைதட்டு வாங்குவதோடு அது நின்றுவிடுகிறது. சிலம்பத்தில் கம்பு பட்டால் புள்ளி. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் 2021-ல் அது சேர்ந்துவிட்டது. சிலம்பத்தோடு சேர்ந்தே கற்றுத்தரப்படும் குத்துவரிசைக்கு மட்டும் எங்கள் பக்கம் எதிராளி திருப்பி அடிக்கிற களம் இல்லை. அசையாமல் நிற்பவனிடம் படித்த பூட்டு, அவன் கையை உருவியதும் கழன்றுவிடுகிறது. என் பையன்களிடமே இதைப் பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை.

உயிர்நிலைகளைத் தாக்கும் வர்மம் இருக்கிற கலை, போட்டிக்கு ஆகாது என்பார்கள் மூத்த ஆசான்கள். அவர்கள் பயம் நியாயமானது. அதற்காகக் கலையையே பூட்டி வைக்க வேண்டாம். வர்ம அடிகளை விலக்கிவிட்டு விதி எழுதலாம்.

மாவட்டச் சிலம்பப் போட்டி நடக்கும் மைதானத்தில் ஓரமாக ஒரு மேட் விரியுங்கள். தலைக்கவசமும் கணைக்கால் காப்பும் கட்டாயம். 14 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தலையில் அடியே கூடாது. அடக்கிய அடிக்கு ஒரு புள்ளி, பிடித்துப் பூட்டினால் இரண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து அடிமுறைக் கலை ஆசான்களும் வரட்டும். விதி எழுத உட்கார நான் தயார்.