பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் முன்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அது முதல் நம் தீவில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். "ப்ராசஸர் பழசாம், தாங்காதாம், புதுசு வாங்கணுமாம்." சொன்னவர் யார் என்று கேட்டால் விற்கிறவர்தான்! சென்னையில் இருப்பவர் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நமக்கோ ஒரு சிறு பாகம் வேண்டுமென்றாலும் கப்பலையோ விமானத்தையோ எதிர்பார்க்க வேண்டும். ஆகவே நோய் எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் மருந்து வாங்குவது மற்றவர்களைவிட நமக்கு அதிக நஷ்டம் என்பது என் கருத்து.

நோயைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். லினக்ஸ் உள்ள கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து டி, ஓ, பி என்று மூன்று எழுத்தைத் தட்டினால் போதும். 'டாப்' என்னும் இந்த நிரலை வில்லியம் லெஃபீவர் என்பவர் 1984-இல் எழுதினார். இன்றும் உலகெங்கும் சர்வர்களைக் கவனிப்பவர்கள் முதலில் தட்டுவது இதைத்தான். மேல் வரியில் மூன்று எண்கள் தெரியும். கடந்த 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடங்களின் சராசரிச் சுமை அவை. ரயில்வே பாஷையில் சொன்னால் எனக்கும் சுலபம், உங்களுக்கும் சுலபம். செயலியில் நான்கு கோர் இருந்தால் நான்கு பிளாட்பாரம் உள்ள ஸ்டேஷன் என்று கொள்ளுங்கள். சுமை 4 என்றால் எல்லாப் பிளாட்பாரத்திலும் ஒவ்வொரு வண்டி. 7 என்றால் மூன்று வண்டி அவுட்டரில் நிற்கிறது. முதல் எண் மூன்றாவதைவிடப் பெரிதாக இருந்தால் நெரிசல் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்துச் செயலியின் மேல் பழி போடக்கூடாது. 1993-இல் லினக்ஸில் ஒரு மாற்றம் செய்தார்கள். டிஸ்க்கிலிருந்து தகவல் வரக் காத்திருக்கும் வேலைகளையும் அன்று முதல் சுமைக் கணக்கில் சேர்த்தார்கள். பிளாட்பாரம் காலியாக இருக்கும், லைன் கிளியர் கிடைக்காமல் வண்டிகள் நிற்கும், கணக்கில் மட்டும் நெரிசல் என்று வரும். அதனால் மூன்றாவது வரியையும் படிக்க வேண்டும். அதில் 'ஐடி' என்பது செயலி சும்மா இருக்கும் நேரம். 'டபிள்யூஏ' என்பது டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் கல்லூரிப் பெண்ணின் மடிக்கணினி திறக்கவே கால் மணி நேரம் எடுத்தது. கடைக்காரர் ப்ராசஸர் போய்விட்டது என்று சொல்லியாயிற்று. டாப் போட்டுப் பார்த்தோம். சுமை 6-க்கு மேல், ஆனால் செயலி உண்மையில் வேலை செய்தது நூற்றுக்கு ஐந்தோ ஆறோ; காத்திருப்பு மட்டும் எண்பது. பழைய ஹார்டு டிஸ்க்தான் திணறிக்கொண்டிருந்தது. எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போட்டார்கள். அந்தப் பெண் அதிலேயே படித்து முடித்துவிட்டாள்.

செயலி முழு மூச்சில் ஓடியும் வேலை நகரவில்லையானால் சூட்டைச் சந்தேகியுங்கள். சூடு மிஞ்சினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசியடைத்த விசிறியைத் துடைப்பதற்குப் புதுக் கணினி எதற்கு?

"விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் படம் போட்டே காட்டுகிறதே, இந்தக் கறுப்புத் திரை எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வீட்டுக்கு அது போதும், மறுக்கவில்லை. ஆனால் தொலைவிலுள்ள சர்வரில் பெரும்பாலும் படமும் கிடையாது, மவுஸும் கிடையாது. ரயில்வே முன்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களின் நடுவில் டெல்லியில் தொடங்கி நாடெங்கும் பரவிய அந்த ஏற்பாடு வாக்ஸ் கணினிகளில் எழுத்துத் திரையை வைத்தே நடந்தது. எந்த வேலை செயலியை அதிகம் தின்கிறது என்று காட்ட அதிலும் 'மானிட்டர்' என்றொரு கட்டளை உண்டு. எழுத்துக்கு மெலிந்த இணைப்பே போதும். செயற்கைக்கோளை நம்பிப் பல வருடம் காத்திருந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,300 கி.மீ. நீளக் கடலடி கேபிள் 2020 ஆகஸ்ட் 10-இல் திறக்கப்பட்ட பிறகு, எங்கோ இருக்கும் சர்வரை ஸ்ரீ விஜயபுரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வழி பிறந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாரும் பெங்களூருக்கே போக வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த வேலைக்குக் கறுப்புத் திரை பழகியிருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கோ அதைக் கண்டாலே பயம்.

தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் தந்த கணினிகளில் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கியது அது. ஊரில் படித்த பிள்ளைகள் கொண்டுவந்த அத்தகைய கணினிகள் நம் வீட்டுப் பரண்களில் சில இருக்கும். அவற்றில் நான்கைந்து கிடைத்தால் சங்கக் கட்டிடத்தில் ஞாயிறு காலை ஒரு மணி நேர வகுப்பு நடத்தலாம் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன். சார்ஜர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள்.