பெயரற்ற மாத்திரை

சிறுமலை அரணாய் நிற்கத் திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் வரை விரிந்துகிடக்கும் சமவெளியில், உழவுக்கு அடுத்தபடியாகப் பெண்டிர்க்குச் சோறிடுவது நூற்பாலை. மூன்றாண்டு உழைத்தால் முடிவில் ஒரு தொகை கிட்டும், அது திருமணச் செலவுக்கு ஆகும் என்று சொல்லி வளரிளம் பெண்களை விடுதிகளில் அடைத்துவைத்த 'சுமங்கலித் திட்டம்' தழைத்தது இந்நிலத்திலும் இதன் அண்டை மாவட்டங்களிலும்தான். அத்திட்டத்தின் கொடுமைகளைப் பலரும் எழுதிவிட்டனர். மாதவிடாய் நாள்களில் ஆலைப் பெண்களின் கையில் வைக்கப்பட்ட மாத்திரையைப் பற்றி நெடுங்காலம் எவரும் எழுதவில்லை.

2019 ஜூனில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள், தமிழ்நாட்டு ஆடைத்தொழிலில் உழைக்கும் ஏறத்தாழ 100 பெண்களிடம் உசாவி அதனை வெளிக்கொணர்ந்தனர். வயிற்றுவலி என்று சொன்ன பெண்ணுக்கு ஆலையிலேயே மாத்திரை கிடைத்தது. அதன் மேல் பெயரும் இல்லை, உட்பொருளும் இல்லை, காலாவதி நாளும் இல்லை. பாதிக்கு மேற்பட்டோர் அதனால் தம் உடல்நலம் கெட்டதென்றனர். செய்தி பரவியபின் தொழிலாளர் நலனைக் கண்காணிப்பதாக அரசு தரப்பில் அறிவிப்பு வந்தது.

மாதவிடாய் வலிக்கு மாத்திரை கொடுப்பது குற்றமன்று. கருப்பையின் உட்சுவர் உதிரும்போது சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் தசையை இறுக்கிக் குருதியோட்டத்தைக் குறைக்கிறது. வலி அதனால் எழுகிறது. அச்சுரப்பைத் தடுக்கும் மருந்துகள் உள. மருத்துவர் சொன்ன அளவில், உணவுக்குப்பின், இரண்டொரு நாள் உட்கொள்வதில் பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை. ஆனால் காலைச் சோறின்றி முதல் ஷிப்டுக்கு ஓடிவந்தவள், வெறுவயிற்றில், மாதந்தோறும், இன்னதென்றறியாத ஒன்றை விழுங்கினால் இரைப்பை புண்ணாகலாம், சிறுநீரகமும் நலியலாம். இவ்வகை மருந்துகளுள் பரவலாக வழங்கும் மெஃபெனமிக் அமிலம் அரிதாகக் கடும் ஒவ்வாமையைத் தூண்டலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையமே 2023 நவம்பரில் எச்சரித்தது. அரிதான தீங்கையும் கண்டறிய மருந்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டாமா? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகை உடையோர் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. அத்தகைய உடலுக்கு முதலில் வேண்டியது சோறும் இரும்புச்சத்தும். வலிக்கு எளிய துணை வெந்நீர் ஒத்தடம். அடிவயிற்றில் தொடர்ந்து சூடு வைப்பது மாத்திரைக்கு ஈடான பலன் தரும் என ஆய்வுகளும் காட்டியுள்ளன. வெந்நீர்ப் பையோடு அரைமணி நேரம் சாய ஓரிடம் வேண்டும். ஆலை மறுத்தது அந்த அரைமணி நேரத்தையே. மாத்திரை மலிவு, நின்ற பொறி மலிவன்று. அந்த மருந்து ஆற்றியது பெண்ணின் வலியையா, உற்பத்தியின் தடங்கலையா என்பதில் நமக்கு ஐயமில்லை.

இளையோர் துயரையேனும் செய்தியாளர் கேட்டனர். நாற்பத்தைந்தைக் கடந்தவளின் துயரைக் கேட்பாரில்லை. மேலைநாட்டில் சராசரியாக 51 வயதில் மாதவிடாய் நிற்க, நம் நாட்டுப் பெண்டிர்க்கு நாற்பதுகளின் பிற்பகுதியிலேயே நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு தாழும்போது உடலின் வெப்பத்தை ஆளும் மூளைப்பகுதி தடுமாறுகிறது. முகமும் மார்பும் திடுமெனக் கொதிக்கின்றன, வியர்வை பெருகுகிறது, இரவில் உறக்கம் கலைகிறது. இதனைத் தாங்கியவண்ணம் அவள் நிற்குமிடம் எது? நூல் அறாதிருக்கக் காற்றில் ஈரத்தை ஏற்றிச் சாளரங்களை அடைத்துவைத்த, பஞ்சுத்தூசி பறக்கும் கூடம். நிலக்கோட்டையில் விடியுமுன் குனிந்து மல்லிகை பறிப்பவளுக்கோ, ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை பிரிப்பவளுக்கோ காற்றாவது உண்டு. மூட்டுவலி, படபடப்பு, காரணமறியாச் சினம் என்று வீட்டில் சொன்னால் 'வயசாயிடுச்சு' என்ற ஒரே விடை.

இவ்விடத்தில்தான் கத்தி நுழைகிறது. உதிரப்போக்கு மிகுந்தவளிடம் 'கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது' என்பார் சுற்றத்தார். சிலவிடத்து மருத்துவரும் அதையே சொல்வர். மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள், வேலைநாள் குறையாதிருக்கக் கருப்பையை இழந்த கொடுமை 2019இல் நாட்டை உலுக்கியது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் மூன்று திங்களில் நடைமுறைப்படுத்த வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது. சூலகமும் உடன் நீக்கப்பட்டால் ஆண்டுக்கணக்கில் மெல்ல வர வேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்து விழும். எலும்பும் விரைவில் நொய்ந்துபோகும். மருந்தால் அடங்கும் உதிரப்போக்குகள் பல. அவற்றுக்குக் கத்தி கடைசி வழியாதல் வேண்டும்.

கருநாடக அமைச்சரவை 2025 அக்டோபரில் மாதம் ஒருநாள் ஊதியத்துடன் மாதவிடாய் விடுப்புக்கு இசைந்தது. பீகார் தன் அரசு ஊழியர்க்கு 1992லேயே விடுப்பளித்தது. வரவேற்கிறோம். எனினும் நாட்கூலிக்கு வருபவளிடம், ஒப்பந்தக்காரரின் ஏட்டில் மட்டும் பெயருள்ளவளிடம், இவ்விடுப்பு எவ்வாறு சென்றுசேரும் என்பதற்கு விடை காணாதவரை அது அலுவலகத்தாரின் சலுகையாகவே நிற்கும்.

தாய்மையைப் பேணுவதில் நம் மாநிலம் பிறர்க்கு முன்னோடி. கருவுற்றவளுக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 18,000 ரூபாய் உதவி உண்டு. 1947இல் காந்திகிராமத்தைத் தோற்றுவித்த மருத்துவர் சௌந்தரம் இராமச்சந்திரன், சிற்றூர்ப் பெண்ணின் வாயிலுக்கு மருத்துவம் செல்ல வேண்டுமென்று இம்மாவட்டத்திலேயே செய்துகாட்டினார். ஆயினும் மகப்பேறு முடிந்ததும் அவளை மறந்துவிடுகிறோம். சஞ்சீவி மலையின் துண்டு வீழ்ந்ததே சிறுமலை என்பது வழிவழிக் கதை. மூலிகைக்குப் பேர்போன அம்மலையில் வாழ்பவள், கருப்பைநோய் வல்லுநரைக் காணக் கொண்டையூசி வளைவுகள் பதினெட்டும் கடந்து கீழே வர வேண்டியிருக்கிறது. கதையால் அவளுக்கென்ன பயன்?

2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் மாநில அரசின் திட்டம் குருதியழுத்தத்தையும் சர்க்கரையையும் வீடுதோறும் அளந்துவருகிறது. அதே பணியாளர், அதே வாயிலில், நாற்பது கடந்தவளிடம் உறக்கம், உதிரப்போக்கு, மூட்டுவலி பற்றி நாலு வினாக்கள் கேட்கட்டும். 2022 சனவரியில் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி, மாதவிடாய் நிற்கும் பருவத்தினர்க்கென வாரம் ஒருநாள் தனிப் பிரிவு நடத்தட்டும். நின்று உழைப்போர்க்கு இருக்கையும் தேர்ச்சி பெற்றவர் பொறுப்பில் முதலுதவிப் பெட்டியும் வேண்டுமென 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது; ஆய்வாளர்கள் அப்பெட்டியைத் திறந்து பார்க்கட்டும்.

தாய்மார்க்கு ஒரு சொல். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி குருதி கண்டாலும் அது புற்றுநோயின் முதற்குறியாக இருக்கலாம். நாணமின்றி, நாள் கடத்தாது, அவ்வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள்.