மேற்கோள் எண்ணிக்கை மட்டும் போதுமா?

இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்திற்கு மேற்பார்வையாளரைத் தேடும் பல்கலைக்கழக மாணவர்கள் பலர் முதலில் கூகல் ஸ்காலர் பக்கத்தைத் திறக்கிறார்கள். பேராசிரியரின் பெயரைத் தட்டினால் சில எண்கள் வரும். அவருடைய கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் மொத்தம் எத்தனை முறை மேற்கோள் காட்டியுள்ளனர் என்பது ஒன்று. எச்-குறியீடு மற்றொன்று. எண் பெரிதென்றால் விஞ்ஞானியும் பெரியவர் என்று முடிவுகட்டிவிடுகிறோம். இந்தப் பழக்கத்தை நாம் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

எச்-குறியீட்டை 2005ஆம் ஆண்டு ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்மொழிந்தார். கணக்கு எளிது. ஒருவரின் ஐந்து கட்டுரைகள் 40, 22, 9, 3, 1 எனும் எண்ணிக்கையில் மேற்கோள்கள் பெற்றுள்ளன என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று கட்டுரைகளும் மூன்றுக்குக் குறையாத மேற்கோள்களைப் பெற்றுள்ளன. நான்காவது கட்டுரைக்கு நான்கு கிடைக்கவில்லை. ஆகவே அவருடைய குறியீடு 3. மூன்றே கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 10,000 மேற்கோள்கள் பெற்றவருக்கும் குறியீடு அதே 3தான்!

துறைக்குத் துறை வழக்கம் மாறுவது அடுத்த சிக்கல். உயிர்மருத்துவத்தில் பெரிய குழுக்கள் சேர்ந்து எழுதுகின்றன. கட்டுரையின் முடிவில் மேற்கோள் பட்டியல் நீளமாக இருக்கும். கணிதத்தில் ஒருவரோ இருவரோ எழுதுவார்கள், பட்டியலும் சிறியது. பல துறைகளில் இயங்கும் விஞ்ஞானியின் மேற்கோள்களை அப்படியே கூட்டுவது, மாற்று விகிதம் பார்க்காமல் ரிங்கிட்டையும் சிங்கப்பூர் வெள்ளியையும் கூட்டுவது போன்றது.

உலகில் ஆக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளை ‘நேச்சர்’ சஞ்சிகை 2014இல் வரிசைப்படுத்தியது. முதலிடம் பிடித்தது, புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையை விளக்கி ஆலிவர் லோவ்ரி குழுவினர் 1951இல் எழுதிய கட்டுரை. மேற்கோள்கள் 300,000க்கும் மேல். மரபணுவின் இரட்டைச் சுருள் வடிவத்தை அறிவித்த 1953ஆம் ஆண்டுக் கட்டுரை முதல் நூறிலேயே இல்லை. ஆய்வுக்கூடத்தில் தினமும் பயன்படும் முறைக்கு மேற்கோள்கள் குவிகின்றன. ஒரு கட்டுரை எவ்வளவு பயன்படுகிறது என்பதை அந்த எண் சொல்கிறது. எவ்வளவு ஆழமானது என்பதைச் சொல்வதில்லை.

சுப்பிரமணியன் சந்திரசேகரை நினைத்துப் பாருங்கள். 1910இல் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். வெள்ளைக் குறுமீன் எனப்படும் விண்மீன், சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் கனமாக இருக்க முடியாது என்று கண்டறிந்தார். இப்படி ஓர் எல்லை உண்டு என்பதை அறிவித்த 1931ஆம் ஆண்டுக் கட்டுரை இரண்டே பக்கங்கள். 1935இல் புகழ்பெற்ற ஆர்தர் எடிங்டன் லண்டன் கூட்டமொன்றில் அந்த முடிவை எள்ளி நகையாடினார்.

சந்திரசேகர் தம் ஆய்வை 1939இல் நூலாக எழுதி முடித்துவிட்டு, வேறு துறைக்கு நகர்ந்தார். விண்மீன்களின் இயக்கம் பற்றி 1942இல் ஒரு நூல். ஒளி வளிமண்டலத்தைக் கடப்பது பற்றி 1950இல். திரவ ஓட்டத்தின் நிலைத்தன்மை பற்றி 1961இல். சுழலும் பொருள்களின் வடிவம் பற்றி 1969இல். கருந்துளைகள் பற்றி 1983இல். அந்த 1983ஆம் ஆண்டிலேயே நோபெல் பரிசும் வந்தது.

ஒவ்வொரு முறையும் பெயர் வாங்கிய துறையை விட்டுவிட்டு, புதிய துறையில் மாணவனைப்போல் தொடங்கினார். எண்ணிக்கையைக் காப்பாற்ற நினைப்பவர் இப்படிச் செய்யமாட்டார். இன்று ‘சந்திரசேகர் எல்லை’ என்று எழுதும் பலர் 1931ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டுவதுகூட இல்லை. ஒரு கருத்து அனைவருக்கும் சொந்தமாகிவிட்டால், மேற்கோள் நின்றுபோகிறது!

எண்கள் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சிபாரிசை விட, தெரிந்தவர் பெயரை விட, மேற்கோள் எண்ணிக்கை நேர்மையானதுதான். பல்கலைக்கழகங்களும் அதை ஒதுக்க முடியாது. கியூஎஸ் உலகத் தரவரிசையில் ஆசிரியர் ஒருவருக்கான மேற்கோள்களுக்கு 20 விழுக்காடு மதிப்பு உண்டு. ஆனால் தரவரிசை பல்கலைக்கழகத்தின் கவலை. எதைக் கற்கப்போகிறோம் என்பதே மாணவர்களாகிய நமது கவலை.

ஆகவே மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று காரியங்கள் செய்யலாம். அவருடைய கட்டுரை ஒன்றையாவது முழுமையாகப் படியுங்கள். அதை மேற்கோள் காட்டிய கட்டுரை ஒன்றைத் திறந்து, எதற்காகக் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பாராட்டியும் இருக்கலாம், மறுத்தும் இருக்கலாம். அவரிடம் பயின்ற மாணவரிடம் பேசுங்கள். ஒரு பிற்பகல் போதும். அந்த ஒரு பிற்பகலைச் செலவிட மனமில்லாதவருக்கு ஆய்வில் ஆண்டுகளைச் செலவிடுவது இன்னும் கடினமாக இருக்கும்.