டாக்டர் பக்கம்: பனிமலையில் படம் பிடிப்போர் கவனத்துக்கு

மார்கழியில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், நமது சங்க அங்கத்தினர் சிலர் ஊருக்குப் போகும் சாக்கில் குல்மார்க்கையும், வேறு சிலர் ஜார்ஜியா நாட்டுக் குடவுரியையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். பிறகு கோயிலில் சந்திக்கும்போது படங்களைக் காட்டுகிறார்கள். பனி, துவைக்காத வேஷ்டி மாதிரி சாம்பல் பூத்திருக்கிறது. சறுக்கி வரும் பிள்ளைக்கு உடை தெரிகிறது, தொப்பி தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நிழல். ஊரில் தாத்தா பாட்டி பார்க்க விரும்புவது அந்த முகத்தைத்தானே!

காமிராவினுள் இருக்கும் ஒளிமானி, காண்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது. வெள்ளைவெளேரென்ற சரிவை அதன்முன் நீட்டினால், வெளிச்சம் மிஞ்சிவிட்டதென்று குறைத்துவிடும். நம்மவர் முகம் பனியைவிடப் பல மடங்கு குறைவாகவே ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே முதலில் இருளில் மூழ்குவது அதுதான். பிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி பிரிண்ட் போடுகிறவர்களுக்குக் கொடுத்த 'ஷர்லி' அட்டையில் வெகுகாலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். நிறம் சரியா என்று பார்த்தது அதை வைத்துத்தான். நம் முகங்களை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை!

பரிகாரம் சுலபம். காமிரா சொல்வதற்கு மேல் ஒன்றரை முதல் இரண்டு 'ஸ்டாப்' வெளிச்சம் கூட்டுங்கள். கைபேசியானால், திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். உச்சி வெயிலைத் தவிர்த்து, காலையிலோ மாலையிலோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் பனியின் மேடுபள்ளமும் தெரியும்.

ஓட்டத்தை உறைய வைக்க விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் வேண்டும். சறுக்குபவரைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்ட ஒரே வீரர், குல்மார்க் பகுதியைச் சேர்ந்த ஆரிஃப் கான். அவருடைய பந்தயங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கம்பத்தைச் சுற்றித் திரும்பும் இடத்தில்தான் உடல் சாய்ந்து, பனித்தூள் விசிறிபோல் எழும். அந்தத் திருப்பத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் செய்துவிட்டு, ஓரமாக, மேலிருந்து வருபவர் கண்ணில் படும்படி நில்லுங்கள்.

பழகிப் பார்க்க நமக்கு 2005-இல் திறந்த ஸ்கீ துபாய் இருக்கிறது. நீண்ட சரிவு 400 மீட்டர். கூரைக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் அவ்வளவு வேகம் கிடைக்காது. காமிராவைச் சறுக்குபவருடன் சேர்த்துத் திருப்பி எடுக்கப் பழகலாம். வெளியே வருமுன் காமிராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டுங்கள். ஏ.சி. அறையிலிருந்து ஆகஸ்டு மாதத் தெருவுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதே, அதே கதைதான் லென்ஸுக்கும்.

இனி என் தொழில் சம்பந்தமான விஷயம். பாலைவனத்திலேயே இருந்து பழகிய கண்ணுக்குப் பனி என்ன செய்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உலர்ந்த மணல் திருப்பி அனுப்பும் புற ஊதாக் கதிர் சுமார் 15 சதவிகிதம். புதுப்பனி 80 சதவிகிதம் வரை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது கதிரின் வலிமையும் ஏறத்தாழ பத்து சதவிகிதம் கூடும். குல்மார்க் ஊரே 2,600 மீட்டருக்கு மேல். கேபிள் கார் அதற்கும் மேலே கொண்டுபோய் விடுகிறது. போதாததற்கு, கதிர் கீழிருந்து வருகிறது. தொப்பியும் புருவமும் அதற்குத் தடையாகா.

படம் எடுப்பவர்தான் இதில் அதிகம் மாட்டுகிறார். கறுப்புக் கண்ணாடி வழியே திரை சரியாகத் தெரியவில்லை என்று கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொள்வார். பிறகு இறக்க மறந்துவிடுவார். அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணலை வாரிப் போட்டது போல வலி, நீர் வடிதல், வெளிச்சம் கண்டால் கூச்சம். கருவிழியின் மேல்தோல் வெந்துபோனதுதான் காரணம்.

பக்கங்களும் மூடிய, புற ஊதாக் கதிரை முழுதும் தடுக்கும் கண்ணாடியைப் பிள்ளைகளுக்கும் மாட்டுங்கள். மேகமூட்டமான நாளிலும் கழற்ற வேண்டாம். திரை தெரியவில்லையென்றால் கண்ணாடியோடு குத்துமதிப்பாகப் பத்துப் படம் எடுங்கள், ஒன்று தேறும். மீறி வலி வந்துவிட்டால் கண்ணைக் கசக்கக் கூடாது. காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிட்டு, இருட்டறையில் குளிர்ந்த ஈரத்துணியை மூடிய இமைமேல் வைத்துப் படுங்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வாங்கி நீங்களாகவே விட்டுக்கொள்ளாதீர்கள். அது புண் ஆறுவதைத் தடுக்கும். சாதாரணமாக ஒன்றிரண்டு நாளில் குணமாகிவிடும். அதற்குள் தணியாவிட்டாலோ, பார்வை மங்கினாலோ, ஊர் திரும்பும்வரை காத்திராமல் அங்கேயே கண் டாக்டரிடம் காட்டுங்கள்.