தானே பொங்கும் நீர் யாருடையது?

கிணறு என்றால் இறைத்தாலன்றி நீர் மேலேறாது என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், இறைப்பாரின்றியே நீர் மேலெழுந்து நிலத்தின்மேல் வழியும் கிணறுகளும் உலகில் உள. பிரான்சு தேசத்து ஆர்த்துவா என்னும் பகுதியில் முற்காலத்தே இவை தோண்டப்பட்டமையால் ஆர்ட்டீசியன் கிணறு என்னும் பெயர் வழங்கலாயிற்று.

இதனை அற்புதமென வியப்பாரும் உளர். காரணம் எளிது. நீர் புகாத இரண்டு களிமண் அடுக்குகளுக்கிடையே மணற்பாறை அடுக்கொன்று சாய்ந்து கிடக்கிறது. அதன் மேல்விளிம்பு உயர்ந்த நிலத்தில் வெளிப்படுகிறது. அங்கே பெய்யும் மழை அதனுட் புகுந்து, தாழ்விடம் நோக்கி இறங்கி, மேலும் கீழும் செல்ல வழியின்றி அழுத்தமுற்று நிற்கிறது. மேற்களிமண்ணைத் துளைத்தவுடன், உயர்ந்த தொட்டியின் நீர் தெருக்குழாயில் பாய்வதுபோல் மேலெழுகிறது.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. தெற்கே நெய்வேலியில் 1930களில் கிணறு தோண்டுகையிலேதான் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. ஆனால் அக்கரிக்கடியில் நீர் பேரழுத்தத்துடன் நின்றது. அதனை இடையறாது இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றிச் சுரங்கத்தின் தளமே வெடித்துவிடும். அவ்வாறு இறைத்தே 1961இல் முதற்கரி எடுத்தனர்.

இனி நாம் சொல்லக் கருதியது இதுவே. "என் நிலத்தில் எழும் நீர் எனது, அதை நான் ஏன் அடைத்தல் வேண்டும்?" என்பர் சிலர். இவ்வாதம் பொருந்தாது. நீர் எழும் இடம் ஒருவனுடையதாயிருக்கலாம். அதனை எழுப்பும் அழுத்தமோ அவ்வடுக்கின்மேல் வாழும் அனைவர்க்கும் பொது. ஆஸ்திரேலியாவில் 1878இல் முதற்றுளை இட்டபின், ஆயிரக்கணக்கான கிணறுகள் அடைப்பின்றி இரவும் பகலும் வழிந்தன. அழுத்தம் குன்றிற்று, பல கிணறுகள் வழிதலை நிறுத்தின. பின்னர் அரசினரே பெருஞ்செலவில் அவற்றை அடைக்க நேர்ந்தது.

விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ளது வளவனூர். இப்பகுதியின் மணற்பாறை அடுக்குகள் கிழக்கே கடலை நோக்கிச் சாய்ந்துள்ளன. மேற்கே பெய்யும் மழையே கிழக்கே ஆழ்குழாய்களில் நீராகிறது. மேற்கே நீர் புகும் நிலங்களைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பி, கிழக்கே அளவின்றி இறைத்தால், அடங்கியிருந்த அழுத்தம் தளர, கடல்நீர் உட்புகும். புதுச்சேரிக் கடற்கரையோரத்தில் இத்தீங்கு இன்று கண்கூடு.

ஆதலின் மாணாக்கரே, ஊர்தோறும் ஏரியையும் குளத்தையும் வரத்துக்கால்களையும் காத்தலை ஊராரின் வேலையென ஒதுக்காதீர். கிணறு வற்றினால் "இன்னும் நூறடி துளைப்போம்" என்பது அறிவுடையார் சொல்லன்று. மழை எங்கே உட்புகுகிறது, அவ்வழி திறந்துள்ளதா என்று கேட்பதே அறிவு. மேட்டில் வாழ்வோன் மழையை உள்ளே விடுதலும், பள்ளத்தில் வாழ்வோன் குழாயை அளவோடு திறத்தலும் ஒரே கடமையின் இரு பாதிகளாம். இவ்விரண்டும் இல்லாதவழித் தானே பொங்கிய ஊற்றும் தானே அடங்கும்.