பதக்கத்தில் பழங்கதை: நாம் பார்க்கலாமா?

அஞ்சல் தலை சேர்ப்போரை நாம் அறிவோம். நாணயம் சேர்ப்போரையும் அறிவோம். கலைப் பதக்கம் சேர்ப்போர் நம்மிடையே மிகச் சிலரே. அதிலும் கிரேக்கப் புராணக் கதைகளைப் பிரெஞ்சுச் சிற்பிகள் வடித்த பதக்கங்கள் என்றால், "கத்தோலிக்கப் பெண்ணுக்குப் பிற தெய்வங்களின் உருவம் எதற்கு?" என்று கேட்கும் பெரியோரும் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு நல்ல விடையும் உண்டு என்பது என் கருத்து.

பதக்கம் என்பது உள்ளங்கையில் அடங்கும் சிற்பம். 1896-இல் ஏதென்சு நகரில் முதல் நவீன ஒலிம்பிக் பந்தயம் நடந்தபோது, வென்றவர்களுக்கான பதக்கத்தை வடித்தவர் ஜூல் கிளெமான் சாப்லேன் என்ற பிரெஞ்சுக்காரர். அதன் முகப்பில் சியூஸ். அவர் கையில் உலக உருண்டை. அதன்மேல் சிறகுடன் நிற்கும் வெற்றித் தேவதை நைக்கி. 2024-இல் பாரிசில் நம் மனு பாக்கர் துப்பாக்கி சுடுதலில் பெற்ற இரு வெண்கலப் பதக்கங்களிலும் அந்த நைக்கியே இருக்கிறாள். அவளை அங்கே யாரும் வணங்கவில்லை. வெற்றியைக் குறிக்கும் உருவம், அவ்வளவே.

பாரிசு நாணயச்சாலை 1880 முதல் தன் பதக்கங்களின் விளிம்பில் பொறிக்கும் சிறு கொம்பும் அப்படியே. குழந்தை சியூசுக்குப் பாலூட்டிய ஆட்டின் கொம்பு என்பது கதை. வற்றாத வளம் என்பது பொருள். சேர்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த விளிம்பைத்தான்.

நான்காம் நூற்றாண்டிலேயே புனித பசிலியார் இளைஞருக்கு வழி சொன்னார். தேனீ எல்லாப் பூவிலும் அமர்வதில்லை. அமர்ந்த பூவிலும் வேண்டியதை மட்டுமே எடுக்கிறது. கிரேக்க நூல்களை அவ்வாறே படியுங்கள் என்பது அவர் அறிவுரை. காப்பிச் செடி பூக்கும் நாளில் ஏற்காட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? உச்சியில் சேர்வராயன் கோயில் இருக்கும் மலையில் வாழும் நமக்குப் பிறர் கதைகளை மதிப்புடன் கேட்பதும் புதிதன்று.

நம்மில் பலர் கழுத்தில் அணியும் அற்புதப் பதக்கமும் 1832-இல் அதே பாரிசில் முதன்முதலாக அடிக்கப்பட்டதுதான். இதை அணிந்து செபிக்கிறோம். அதைக் கையில் வைத்துப் படிக்கிறோம். இந்த வேறுபாடு தெரிந்த பெண்ணுக்கு நைக்கியால் ஒரு தீங்கும் வராது.

ஆனால் தங்கைகளே, விலை கொடுத்துக் குவிப்பது சேகரிப்பு ஆகாது. பழைய வெண்கலத்தைப் புளியிட்டுத் தேய்த்து அதன் நிறத்தைக் கெடுக்காதீர்கள். பதக்கமோ அதன் படமோ கிடைத்தால், வடித்தவர் யார், ஆண்டு எது, கதை என்ன, அது சுட்டும் பண்பு என்ன என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். பெற்றோர்களே, பதக்கம் வாங்கப் பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். குறிப்பேடு கேட்டால் மகிழ்ச்சியுடன் வாங்கிக் கொடுங்கள்.