மொசைக் தரையில் சிக்குக் கோலம்

பெரியபாளையத்து வெயிலுக்கு சாக்ஸான்னு சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க. பருத்தி நூலில் ஓட்டை விட்டுப் பின்னினா காத்து வரும். என் சண்டை வேற ஆளுங்களோட: தானாகவே கோடு விழும் கலர் நூலை வாங்கி, அதில் இலை, கொடின்னு சிக்கலான லேஸ் போடுற மகராசிங்க!

மொசைக் தரையில சிக்குக் கோலம் போட்டா யார் கண்ணுக்குத் தெரியும்? கோடு டிசைனைத் தின்னுடும். ராத்திரி முழிச்சதெல்லாம் வீண்.

ஷெட்லாந்து தீவுப் பாட்டிங்களோட 'ஓல்டு ஷேல்' போதும் மக்களே. 18 கண்ணிக்கு ஓர் அலை. 72 கண்ணி சாக்ஸுக்கு கச்சிதமா 4 அலை. 4 சுற்றில் ஒண்ணுலதான் ஓட்டை வேலை: ரெண்டு கண்ணியை ஒண்ணாக்குறது 6 தடவை, நூலை ஊசியில் சுத்துறது 6 தடவை. கோடே வளைஞ்சு அலையாயிடும்.

நூலோட மல்லுக்கட்டாதீங்க. மறுப்பிருந்தா பின்னூட்டத்துக்கு வாங்க, ஊசியோட காத்திருக்கேன் :-)